படுக்கையோரப் பட அட்டை: எது உதவும், எதை மாற்ற வேண்டும்

பக்கவாதத்துக்குப் பின் அஃபேசியா (மூளை பாதிப்பால் மொழியைக் கையாளும் திறன் குறைவது) வந்தவர்கள் தொட்டுக் காட்டிப் பேசுவதற்கென்று விற்கும் பட அட்டைகளில் ஒரு வகை இது: ஏ4 அளவு, பளபளவென்று லேமினேஷன், முன்பக்கம் 40 சின்னப் படங்கள், பின்பக்கம் எழுத்துகளும் எண்களும்.

பின்பக்கம் அநேகமாக வீண். அஃபேசியாவில் போவது குரல் அல்ல, மொழி. வாயில் வராத சொல் பெரும்பாலும் எழுத்துக்கூட்டவும் வராது. தொண்டையில் குழாய் போட்டவருக்கு எழுத்து வரிசை கைகொடுக்கும். அஃபேசியா வந்தவருக்கு அதுவே இன்னொரு பரீட்சை. "எழுத்தையாவது காட்டுங்க" என்று வற்புறுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். புத்தி மங்கிவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவார்கள், அது பெரிய அநியாயம்.

முன்பக்கம் தேறும். ஆனால் 40 படம் மிக அதிகம். தண்ணீர், பால், மருந்து மூன்றுக்கும் ஒரே மாதிரி டம்ளர். பேச்சில் ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல் மாறி வருவதுபோல விரலும் பக்கத்துப் படத்துக்குப் போய்விடும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு வலப்புறப் பார்வையும் மறைந்திருக்கும். 'வலி' படமோ வலது ஓரத்தில்! தாளுக்கு 6 படமாக வெட்டி, பளபளப்பில்லாத அட்டையில் ஒட்டி, இடது பக்கமாக நீட்டுங்கள். வலது கை விழுந்திருந்தால் இடது கைக்கும் அதுதான் எட்டும்.

ஆம், இல்லை குறிகளை அப்படியே நம்ப வேண்டாம். 'இல்லை' என்று நினைத்துக்கொண்டே 'ஆமாம்' என்பது அஃபேசியாவில் சாதாரணம். தாளில் 'தண்ணீர்', 'மருந்து' என்று இரண்டே சொல்லைப் பெரிதாக எழுதி, ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லிவிட்டு 10 விநாடி பேசாமல் இருங்கள். எழுத வராதவர்களிலும் பலருக்கு முழுச் சொல்லைப் பார்த்தால் பிடிபடும். அவர் ஒன்றைக் காட்டியதும், சொற்களை இடம் மாற்றி எழுதி இன்னொரு முறை கேளுங்கள். இரண்டு தடவையும் ஒன்றையே தொட்டால் ஓரளவு நம்பலாம்.

ஆஸ்பத்திரி நாட்களுக்கு, இந்தத் திருத்தங்களோடு, அட்டையை வாங்கலாம். வீட்டுக்கு வந்தபின் போதாது. குடும்பத்தார் படமில்லை, காலண்டர் இல்லை. எல்லாவற்றையும்விட, 'இதில் இல்லை' என்று காட்ட ஒரு கட்டம் இல்லை. அதை நீங்களே மேலே இடது மூலையில் ஒட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் அவர் கட்டில் படத்தைத் தொடுவார். தலையணையைச் சரிசெய்வோம், போர்வையை மாற்றுவோம், காலைத் தூக்கி வைப்போம். அவர் கேட்க வந்தது, "ராத்திரி நீ எங்கே படுத்தே?" என்பதாக இருக்கலாம்.