92ஆ, 95ஆ, பாதிக்குப் பாதியா?

பெற்றோல் செட்டில் நம் முறை வந்ததும் "92ஆ, 95ஆ?" என்று கேட்பார்கள். இரண்டும் பெற்றோலின் ஒக்டேன் எண்கள். காரில் அக்கறை உள்ளவர்கள் 95 என்பார்கள். கை கடிக்கிற மாதத்தில் அது 92 ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் பாதிக்குப் பாதி அடிப்பார்கள். நானும் நாலைந்து வருஷம் அப்படித்தான் அடித்தேன். என் வாகன்-ஆருக்கு அது தேவையில்லை என்று தெரிந்தது, பெற்றோல் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த யப்பானிய எழுத்தை ஒரு நண்பர் வாசித்துச் சொன்ன அன்றுதான். "ரெகுலர்" என்று இருந்தது.

யப்பானில் ஓடிவிட்டு இலங்கைக்கு வந்த ரீகண்டிஷன் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஒரு சொல்லே பதில். யப்பானில் பெற்றோல் இரண்டு தரம். ரெகுலருக்குக் குறைந்தபட்ச ஒக்டேன் 89, "ஹைஒக்" என்று அவர்கள் சொல்லும் உயர்தரத்துக்கு 96. நம் செட்டில் எழுதியிருக்கும் 92உம் 95உம் அதே அளவுகோலில் வருபவைதான். ஆகவே ரெகுலர் காருக்கு 92 போதும், மிச்சமும் உண்டு. ஹைஒக் கேட்கிற காருக்கோ நம் 95கூட ஒரு படி குறைவு. அந்தக் காரில் பாதிக்குப் பாதி அடிப்பவர் 93.5இல் ஓட்டுகிறார். உண்மையில் கவலைப்பட வேண்டியவர் அவர்தான்.

ஒக்டேன் என்பது பலமும் அல்ல, சுத்தமும் அல்ல. சிலிண்டருக்குள் நசுங்கிச் சூடாகும் கலவை, பிளக் பொறி தட்டிய பிறகு, சுடர் போய்ச் சேருமுன்பே மூலையில் தானாக வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு அது. அப்படி வெடித்தால் ஏற்றத்தில் மிதிக்கும்போது கிணுகிணுவென்று ஒரு உலோகச் சத்தம் வரும். கராஜில் "நொக் அடிக்குது" என்பார்கள். தாங்குவதற்கு 92 போதுமான எஞ்சினுக்கு 95 ஊற்றினால் கெடுதல் ஒன்றும் வராது, லீற்றருக்குக் கூடுதலாகக் கொடுத்த காசுக்கு ஓட்டமும் கூடாது. இரண்டிலும் உள்ள வெப்பசக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான். 95க்காகப் பேச ஒரு நியாயம் மட்டும் உண்டு. விலைப்பட்டியலில் அதன் பக்கத்தில் "யூரோ 4" என்று இருக்கும், அதாவது கந்தகம் குறைவு. புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு அது நல்லது.

எஞ்சின் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற எண்ணைப் பார்த்து, அது கூடினால் 95 என்று முடிவெடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அது பழைய எஞ்சின்களுக்குச் சரி. முதல் தலைமுறை ரொயோட்டா அக்குவாவின் விகிதம் 13.4, பிரியஸின் 1.8 லீற்றர் எஞ்சினுக்கு 13. எண்ணைப் பார்த்தால் ஓட்டப் பந்தயக் கார் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ரெகுலரில் ஓடுபவை. காற்றை உள்ளே விடும் வால்வு தாமதித்து மூடுவதால், உண்மையில் நசுங்குகிற கலவை எண் சொல்வதைவிடக் குறைவு. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ இருக்கிறது என்பதற்காகவும் 95 என்று சொல்ல முடியாது. 660 சிசி வாகன்-ஆர் டேர்போவுக்கும் யப்பானில் ரெகுலர்தான். இந்தியாவில் செய்த ஆல்ட்டோவுக்கும் பஜாஜ் ஓட்டோவுக்கும் 92 தாராளம், அங்கே சாதாரண பெற்றோலின் அளவு நெடுங்காலம் 91ஆகத்தான் இருந்தது.

ஐரோப்பியச் சந்தைக்கான கார்களின் கதை வேறு. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி போடுவதால் 1000 சிசி டேர்போ கார்கள் இங்கே நிறைய வந்தன: ஹொண்டா சிவிக், ஓடி (Audi) போன்றவை. ஐரோப்பாவுக்கென்று செய்த இவற்றுக்கு 95 கட்டாயம். சிறிய எஞ்சின், அதனால் 92 போதும் என்று நினைப்பது பெரிய பிழை. குறைந்த சுற்றில், மேல் கியரில், ஏற்றத்தில் ஓங்கி மிதிக்கும்போதுதான் இந்த எஞ்சின்கள் அதிகம் அடி வாங்கும். நொக் அடிப்பதைக் கண்டுபிடிக்கும் சென்சர் பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் அப்படிக் காப்பாற்றும்போது இழுவையும் குறையும், பெற்றோலும் கூடக் குடிக்கும். 92இல் மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும்.

இணையத்தில் அமெரிக்கக் கையேட்டைப் பார்த்து "87 போதும் என்று போட்டிருக்கிறதே" என்று குழம்ப வேண்டாம். அவர்கள் இரண்டு சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். அவர்களின் 87 ஏறக்குறைய நம் 91, 92.

கலப்பதில் ஆபத்து எதுவும் இல்லை, கணக்கு மட்டும்தான். தாங்கியில் 10 லீற்றர் 92 இருக்க 25 லீற்றர் 95 அடித்தால் ஏறக்குறைய 94. 95 கேட்கிற காரோடு போகும் வழியில் 92 மட்டுமே கிடைத்தால், அடுத்த செட் வரைக்கும் வேண்டிய அளவு அடித்து, மெதுவாக மிதித்து ஓட்டி, பிறகு 95ஆல் நிரப்புங்கள். கலப்புக்கு உண்மையான பயன் இந்த இடத்தில்தான்.

கலக்கவே கூடாதது மண்ணெண்ணெய். அதன் ஒக்டேன் அடிமட்டம். 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. துளித் துளியாகச் சேமித்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. புகையும் மணமும் தெருவை நிறைக்கும், எஞ்சின் ஒயில் சீக்கிரமே தண்ணீர்போல இளகிவிடும். அவை தாங்கியது அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால். எங்கள் மெக்கானிக்மாரின் கைவண்ணமும் அதில் பெரிய பங்கு. இன்றைய இஞ்செக்டரும் சென்சரும் உள்ள காருக்குள் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

மூடியில் எழுத்து அழிந்திருந்தால் கையேட்டைப் பாருங்கள். அதுவும் யப்பானிய மொழியில் என்றால் போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கலாம். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஒரே வழியில் மூன்று தாங்கி 92, மூன்று தாங்கி 95 முழுதாக நிரப்பி ஓட்டி, ஒவ்வொரு முறையும் கிலோமீற்றரையும் லீற்றரையும் குறித்து வையுங்கள். என் வாகன்-ஆரில் நான் பார்த்தபோது வித்தியாசம் ஏசி போட்ட நாளுக்கும் போடாத நாளுக்கும் இடையில்தான் தெரிந்தது.