சைலன்சர் மாற்றப் போய் கன்வெர்ட்டரைப் பறிகொடுத்த கதை

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: சைலன்சர் மாற்றுவதற்காக வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். மாலையில் திரும்பி வந்தபோது வண்டியில் ஒரு பொருள் குறைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

வண்டிக்குப் பதினேழு வயது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பின்பக்க சைலன்சரின் அடியில், தகடுகள் சேரும் விளிம்பில், விரல் நுழையும் அளவுக்குத் துரு அரித்திருந்தது. அதில் வியப்பில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே வருகிறது. கடைக்கும் வீட்டுக்குமாக மட்டும் ஓடும் வண்டியில், குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கி, புகையின் அமிலத்தோடு சேர்ந்து தகட்டை உள்ளிருந்து தின்கிறது.

பழையது போலவே ஒன்றை வாங்கி மாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பட்டறைக்காரர் பேசிய பேச்சில் விழுந்தேன். "முழுக்க 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு சார். குழாயையும் கொஞ்சம் பெரிதாக்கிவிடலாம். எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், இழுவை கூடும். மாலையில் வந்து பாருங்கள், உங்கள் வண்டி உங்களுக்கே அடையாளம் தெரியாது" என்றார். சொன்னதில் அந்தக் கடைசி வாக்கை மட்டும் காப்பாற்றினார்.

மாலையில் சாவியைத் திருப்பியதும் கேட்ட உறுமலில் எனக்கே ஒரு கிறுகிறுப்பு வந்தது என்பதை ஒளிக்கவில்லை. இந்த வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள், வீட்டில் கேட்டாகிவிட்டது. பழைய சைலன்சரைச் சாக்கில் சுற்றிப் பின்பக்கம் பத்திரமாக வைத்திருந்தார்கள். கழற்றிய பொருளைக் கையோடு கொடுத்துவிடும் பட்டறை எத்தனை நேர்மையானது என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் உறுமல் இரைச்சலானது. சீரான வேகத்தில், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுழற்சியைத் தொடும் இடத்தில், மண்டைக்குள் ஒரு பெரிய வண்டு புகுந்துகொண்டதுபோல் ஒரே ரீங்காரம். அதன் கணக்கைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அந்தச் சுழற்சியில் நொடிக்குச் சுமார் 67 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த ஒலி, எஸ்யூவியின் பெட்டி போன்ற உட்புறத்துக்குள் அகப்பட்டு எதிரொலிக்கிறது. கம்பெனி சைலன்சரின் அறைகளும் துளைக் குழாய்களும் இத்தகைய ஒலியை அமுக்குவதற்கென்றே அளந்து அமைக்கப்படுகின்றன. எனக்கு மாட்டியதோ, நடுவில் நேர்க்குழாயும் சுற்றிலும் கண்ணாடி இழையும் கொண்ட உருளை. அது கீச்சொலியைக் குடிக்கும், தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடும். இழுவை கூடியதா என்றால், எனக்குத் தெரிந்து கூடவில்லை.

அடுத்து ஒவ்வொரு வேகத்தடையிலும் அடியில் 'டங்' என்று ஓர் அடி. பின்அச்சுக்கு மேலே வளைந்து போகவேண்டிய குழாயைத் தாழ்வாக வளைத்திருந்ததால், அச்சு மேலெழும்போதெல்லாம் அதில் இடித்தது.

இவற்றைக்கூடச் சகித்திருப்பேன். இரண்டு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கினால் தலை கனத்தது. இரண்டாவது முறையும் அப்படியே ஆனபோதுதான் பயந்தேன். எஞ்சின் புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலிதான் அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று. அட்டையை விரித்து, கைவிளக்கோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்இணைப்பில் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே, புகை கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் புதிதாகப் போடவில்லை. நசுங்கிய பழையதையே வைத்து முடுக்கியிருந்தார்கள். அதைச் சுற்றிலும் கண்மை தீற்றியதுபோல், புகை கசிந்த கரி. பற்றவைத்த இடங்கள் காக்கை எச்சம்போல் திட்டுத்திட்டாக இருந்தன. காந்தத்தைக் கொண்டுபோனேன், குழாயில் நேரான பகுதியிலேயே கையைவிட்டுப் பறந்துபோய் ஒட்டியது. 304 ரக எஃகு காந்தத்தை அப்படி இழுக்காது. இழுக்கும் 409 ரகமும் சைலன்சருக்கு ஏற்ற எஃகுதான், அதில் குற்றமில்லை. ஒன்றைச் சொல்லி வேறொன்றை மாட்டுவதுதான் குற்றம்.

பதினெட்டாம் நாள் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வேறொரு பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்தார்கள். பி0420 என்ற பிழைக்குறி வந்தது, அதாவது புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போதிய அளவு வேலை செய்யவில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிய மெக்கானிக் என்னைக் கீழே கூப்பிட்டார். "போதிய அளவு என்ன சார், பொருளே இல்லை" என்றார். கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய். அது கண்ணில் படாதபடி தகட்டைத் துடைத்துப் பழையபடி மூடியிருந்தார்கள். கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று வண்டியின் கணினிக்குக் காட்டிக்கொடுக்கும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரைப் புகையின் நேர்வழியிலிருந்து தள்ளி, ஒரு நீட்டிப்புக் குப்பியில் உட்கார வைத்திருந்தார்கள். சில நாள் ஏமாந்திருந்த கணினி பிறகு விழித்துக்கொண்டது.

கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற கட்டையில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு உண்டு. சில கிராம்தான், ஆனால் பழைய பொருள் சந்தையில் அந்தச் சில கிராமுக்குத்தான் மதிப்பு. துருப்பிடித்த சைலன்சருக்கு இரும்பு விலைதான். எதைச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

போய்க் கேட்டேன். "அடைத்துப் போயிருந்தது, அதனால் எடுத்துவிட்டோம்" என்றார்கள். அடைத்திருந்தால் வண்டி மேட்டில் ஏறத் திணறும், வேகம் எழாது. என் வண்டிக்கு அந்த நோய் இருந்ததே இல்லை. எங்கே அந்தப் பொருள் என்றால், "குப்பைக்குப் போய்விட்டது". பில்லில் 'புகைக்குழாய் வேலை' என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது? இன்னொன்று, பல நாடுகளில் கன்வெர்ட்டர் இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டுவதே சட்டப்படி குற்றம். மாட்டிக்கொள்வது பட்டறைக்காரர் அல்ல, ஓட்டுகிற நாம்.

எனவே, விடுவதற்கு முன்பே வண்டியின் அடிப்பக்கத்தை முன்னிருந்து பின்வரை கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டு, அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். சைலன்சர் வேலைக்குக் கோடு கன்வெர்ட்டருக்குப் பின்னால்தான் விழவேண்டும். எஃகின் ரகத்தையும் புதுக் கேஸ்கெட்டையும் பில்லில் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். நிற்கக்கூடாது என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் புது கன்வெர்ட்டரும், பழைய அமைப்பிலேயே ஒரு சைலன்சரும் மாட்டிவிட்டேன். இரைச்சல் இல்லை, தலைவலி இல்லை. சாக்கு மட்டும் இன்னும் வீட்டு மூலையில் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை, அத்தனை அழகாகக் கட்டியிருக்கிறார்கள்.