எக்ஸ்ட்ரீம் கூப்பனிங் கட்டுப்படியாகுமா?

அமெரிக்காவில் டி.எல்.சி சேனல் 2011-ல் ஓட்டிய 'எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. வண்டி வண்டியாகச் சாமான், கல்லாவில் நூற்றுக்கணக்கான டாலர் பில், கத்தையாகக் கூப்பனை நீட்டியதும் மளமளவென்று இறங்கி ஒற்றை இலக்கத்தில் வந்து நிற்கும். அப்படி ஒரு பில் வரவைக்க முடியும், அது புளுகு இல்லை. ஆனால் அந்த வண்டிக்குள் என்ன இருந்தது என்று உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. பற்பசை, டியோடரன்ட், மஸ்டர்ட், சீரியல் டப்பா. வெங்காயமும் தக்காளியும் கண்ணில் பட்டால் அபூர்வம்.

கூப்பனில் இரண்டு வகை. மேனுஃபேக்சரர் கூப்பன் என்பது பொருளைத் தயாரிக்கும் கம்பெனியின் காசு. கடை அதை வாங்கி அனுப்பிவைத்து, முகமதிப்பையும், கூடவே கையாளும் கூலியாக 8 சென்ட்டையும் கம்பெனியிடம் வாங்கிக்கொள்ளும். ஸ்டோர் கூப்பன் கடையின் சொந்தக் காசு. ஒரே பொருளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்றைப் போடுவதற்குப் பெயர் ஸ்டாக்கிங். அதையும் அந்தப் பொருள் சேலில் கிடக்கும் வாரமாகப் பார்த்துப் போட வேண்டும். மூன்றும் கூடிவரும் வரை கூப்பனைப் பொத்தி வைத்திருக்கும் பொறுமைதான் மொத்த வித்தையும்.

ஃப்ளோரிடாக்காரர்களின் பப்ளிக்ஸ் இதற்குத் தோதான கடை. 2 டாலர் பாஸ்தா 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வந்தால், இரண்டு பெட்டிக்கும் தனித்தனியே கூப்பன் எடுத்துக்கொள்வார்கள். 50 சென்ட் கூப்பன் இரண்டு போட்டால் இரண்டு பெட்டியும் சேர்த்தே 1 டாலர். இந்தச் சேல் சுமாராக 6 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். வாரம் ஒரு பெட்டி தீரும் வீட்டுக்கு 12 பெட்டி போதும். அதற்கு மேல் வாங்குவது பதுக்கல்.

சிவிஎஸ் போன்ற மருந்துக்கடைகளில் ஆட்டமே வேறு. பற்பசை 4 டாலர், இரண்டு வாங்கினால் 4 டாலர் எக்ஸ்ட்ராபக்ஸ் (அந்தக் கடையின் சலுகைச் சீட்டு) திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 1 டாலர் என்று இரண்டு கூப்பன் போட்டால் கைக்காசு 6 டாலர், திரும்புவது 4. 'இரண்டு பற்பசை வெறும் 2 டாலர்' என்று மனசு கணக்குப் போடும். ஆனால் அந்த 4 டாலர் ரொக்கம் இல்லை. கெடு தேதிக்குள் அதே கடையில்தான் செலவழிக்க வேண்டும், அங்கே பாலும் பிஸ்கட்டும் சூப்பர்மார்க்கெட்டை விட விலை கூடுதல். கைதேர்ந்தவர்கள் அந்த 4 டாலரை எக்ஸ்ட்ராபக்ஸ் தரும் இன்னொரு பொருளில் போட்டு உருட்டிக்கொண்டே போவார்கள். கெடு தேதியைத் தவறவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

கல்லாவில் கூப்பனை நீட்டும் வரிசையும் முக்கியம். '50 டாலருக்கு வாங்கினால் 10 டாலர் தள்ளுபடி' என்பது போன்ற மொத்த பில் கூப்பனை முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பொருள் கூப்பன்கள் முந்திக்கொண்டால் பல கடைகளில் பில் 50-க்குக் கீழே இறங்கி, பெரிய கூப்பன் வீணாகும். இன்னொன்று: கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் மேனுஃபேக்சரர் கூப்பன் போட்டாலும் விற்பனை வரி முழு விலைக்குத்தான். 'இலவச' ஷாம்புவுக்கும் வரி உண்டு.

கூப்பனைப் படத்தைப் பார்த்து நம்பாதீர்கள், எழுத்தைப் படியுங்கள். படத்தில் பெரும்பாலும் அந்தப் பிராண்டின் விலை உயர்ந்த ரகத்தைத்தான் போட்டிருப்பார்கள். கீழே பொடி எழுத்தில் 'எந்த ரகமானாலும்' என்று இருக்கும், அப்போது மலிவானதற்கே போடலாம். அங்கேயே 'டிரயல் சைஸுக்குச் செல்லாது' என்றோ '3 அவுன்ஸுக்கு மேல்' என்றோ ஒரு வரி ஒளிந்திருக்கும், கல்லா பீப் போட்டு நிற்பது அனேகமாக இதனால்தான். 'ஒரு பர்ச்சேஸுக்கு ஒன்று' என்றால் ஒரு பொருளுக்கு ஒரு கூப்பன்; பத்துப் பொருளுக்குப் பத்து போடலாம். 'ஒரு டிரான்ஸாக்ஷனுக்கு ஒன்று' என்றால் முழு பில்லுக்கும் ஒன்றே ஒன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் புதியவர்கள் கேஷியரோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

இனி நேரக் கணக்கு, உத்தேசமாக. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் நான்கு பிரதி வாங்கி, கூப்பன் தாள்களைப் பிரித்து, பேஸ்பால் கார்டு செருகும் ஒன்பது பை பிளாஸ்டிக் தாள்களில் அடுக்க 1 மணி நேரம். (வெட்டாமல் முழுத் தாளாகவே வைத்து, மேலே தேதி எழுதி ஃபைலில் போட்டால் இது பாதியாகும்.) கடை விளம்பரங்களோடு பொருத்திப் பார்க்க ஒன்றரை மணி, மூன்று கடை ஏறி இறங்க 3 மணி, வீட்டில் அடுக்கி, ரசீதைக் காட்டினால் கொஞ்சம் காசு திருப்பித் தரும் இபோட்டா போன்ற ஆப்பில் அதை ஏற்ற 1 மணி. ஆக ஆறரை. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளில் மட்டும் 60 டாலர் மிச்சம் என்போம். பேப்பருக்கு 16, பெட்ரோலுக்கு 5 போனால் 39. மணிக்கு 6 டாலர். 2009-லிருந்து நகராமல் நிற்கும் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியே 7.25. மிச்சம் பிடித்த காசுக்கு வருமான வரி கிடையாது என்பது மட்டும் ஆறுதல்.

'வாங்கியிருக்கக்கூடிய பொருள்' என்பதைத்தான் கூப்பன் ரசீது மறைக்கிறது. ரசீதின் அடியில் '112 டாலர் சேமித்தீர்கள்' என்று வரும், அது போட்டிருந்த விலையிலிருந்து கழித்த கணக்கு. 5 டாலர் சீரியலுக்கு 1 டாலர் கூப்பன் போட்டால் 4. பக்கத்துத் தட்டில் கடையின் சொந்த பிராண்ட் இரண்டரை டாலருக்கு நிற்கும். ஆல்டியும் காஸ்ட்கோவும் மேனுஃபேக்சரர் கூப்பனை வாங்குவதே இல்லை, அப்படியும் மூன்று கடை அலைந்து கூப்பன் போட்ட விலையைப் பல பொருளில் அனாயாசமாக அடித்துவிடும்.

அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ் வீடுகளுக்கு லாபம் இன்னும் சுருங்கும். துவரம் பருப்பு, இட்லி அரிசி, கறிவேப்பிலை, தேங்காய் எதற்கும் கூப்பன் கிடையாது. மிச்சமாவது சோப்பு, டிடர்ஜென்ட், டிஷ்வாஷர் மாத்திரை, டயப்பர். டயப்பர் மட்டும் விதிவிலக்கு: கைக்குழந்தை உள்ள வீட்டில் கூப்பனும், '75 டாலருக்கு வாங்கினால் 20 டாலர் கிஃப்ட் கார்டு' போன்ற டார்கெட் சலுகையும் சேர்ந்து வரும் வாரத்தை விடவே கூடாது.

தொடர் வந்த காலத்தின் வசதிகளும் இன்று இல்லை. கூப்பன் மதிப்பை இரட்டிப்பாக்கித் தந்த கடைகளில் பல நிறுத்திவிட்டன. பேப்பரோடு வரும் தாள் மெலிந்துபோய், சலுகைகள் கடை ஆப்புக்கு இடம் மாறிவிட்டன. டிஜிட்டல் கூப்பன் பொதுவாக ஒரு கணக்குக்கு ஒரு முறைதான், ஆறு பேப்பர் வாங்கி ஆறு கூப்பன் சேர்க்கும் வேலை அதில் நடக்காது. குறுக்கு வழி தேடி ஜெராக்ஸ் போட்டால் அது மோசடி. வீட்டுக் கணினியில் போலிக் கூப்பன் தயாரித்த வர்ஜீனியா பீச் பெண்ணுக்கு 2021-ல் 12 ஆண்டு சிறை கிடைத்தது, நஷ்டம் 3 கோடி டாலருக்கு மேல்.

முழு நேர ஆட்டம் ஒரே ஒரு சாராருக்குப் பொருந்தும்: தானம் செய்கிறவர்களுக்கு. அரசின் ஸ்நாப் உணவு உதவியில் சோப்போ பற்பசையோ வாங்க முடியாது. அதனால் உணவு வங்கிகள் இவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. கராஜில் நாற்பது பற்பசை தூங்குவதற்கு இது எவ்வளவோ மேல்; டெக்சஸ் வெயிலில் கராஜில் வைத்த டிடர்ஜென்ட் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் போகும்.

மற்றவர்களுக்கு வாரம் முக்கால் மணி நேரம் போதும். ஒரு சூப்பர்மார்க்கெட், ஒரு மருந்துக்கடை, இரண்டின் ஆப். அடிக்கடி வாங்கும் இருபது பொருளின் மிகக் குறைந்த விலையை அவுன்ஸ் கணக்கில் போனில் குறித்து வையுங்கள். அந்த விலைக்கு இறங்காத எதற்கும் கூப்பன் தேட வேண்டாம். 15 டாலர் மிஞ்சினாலே மணிக்கு 20 ஆகிறது. சேல் பொருள் தட்டில் தீர்ந்திருந்தால் ரெயின் செக் சீட்டு கேளுங்கள், தரும் கடையானால் சரக்கு வந்தபின் அதே விலைக்குக் கிடைக்கும். ரசீதைப் பார்க்கிங்கிலேயே நின்று சரிபாருங்கள். ஆப்பில் ஏற்றிய கூப்பன் பில்லில் கழியாமல் போவது சகஜம். கஸ்டமர் சர்வீஸ் மேசையில் அப்போதே காட்டினால் திருப்பித் தருவார்கள்.