கீயா, டெம்போவா: டெக்னோ மிக்ஸில் எது முதலில்?

எந்தக் கீயோடு (ட்ராக்கின் சுருதியோடு) எது ஒத்துப்போகும் என்று காட்டும் கேமலாட் சக்கரத்தை நம்பியே முழு செட்டையும் அடுக்கும் டிஜேக்கள் ஒரு பக்கம், பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகக் கணக்கு) சேர்ந்தால் போதும் மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும் என்கிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி, ஆனால் முழு விசுவாசி இல்லை.

சக்கரம் சுலபமானது. 1 முதல் 12 வரை எண்கள், ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். 8ஏ-வில் ஒரு ட்ராக் ஓடினால் அடுத்தது 8ஏ, 7ஏ, 9ஏ, 8பி இவற்றில் எதுவாக இருந்தாலும் உரசாது. ஹவுஸிலும் டிரான்ஸிலும் இது சோறு போடும் வித்தை. குரலும் பியானோவும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது சுருதி விலகினால் பார் ஓரத்தில் நிற்கிறவருக்குக்கூட முகம் சுளிக்கும்.

டெக்னோவில் நிலைமை வேறு. கிக் (அடி ட்ரம்), ஹைஹாட் (சிம்பல்), கொஞ்சம் இரைச்சல், ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றும் ஒரு சிந்தசைசர், பல ட்ராக்கில் அவ்வளவுதான் சரக்கு. அதற்கும் மென்பொருள் ஏதாவது ஒரு கீயை எழுதித்தானே ஆக வேண்டும்? ஒரே ட்ராக்கை இரண்டு மென்பொருளில் போட்டுப் பாருங்கள், இரண்டு பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

டெம்போ அப்படிச் சமாளிக்க விடாது. ஒன்று 130, மற்றது 130.1 என்று வைத்துக்கொள்வோம். 32 பார் (நான்கு பீட் சேர்ந்தால் ஒரு பார்) நீள மிக்ஸ் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அதற்குள் பத்தில் ஒரு பீட், அதாவது சுமார் 46 மில்லிசெகண்ட் விலகிவிடும், ஒற்றைக் கிக் இரட்டைக் கிக்காகிக் குதிரைக் குளம்படி மாதிரி ஓட ஆரம்பிக்கும். இரண்டு ட்ராக்கின் வேகத்தையும் தானே சேர்க்கும் சிங்க் பட்டன் இருக்கிறதே, டெம்போவுக்கு ஏன் மண்டையை உடைக்க வேண்டும், மிச்ச நேரத்தில் கீயைப் பார்க்கலாமே என்று கீ கட்சிக்காரர்கள் கேட்பது நியாயம்தான், பீட்கிரிட் (மென்பொருள் ட்ராக்கின்மேல் போடும் பீட் கோடுகள்) சரியாக விழுந்திருக்கும் வரை.

கீ கட்சியின் உண்மையான சிக்கல் வேகத்தை மாற்றும்போதுதான் வெளியே வருகிறது. 1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 டர்ன்டேபிளில் பிட்ச் ஸ்லைடர் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம் இடம் கொடுக்கும், வேகத்தோடு சுருதியும் சேர்ந்தே ஏறும். சுமார் 6 சதவீதம் ஏற்றினால் ஒரு செமிடோன், அதாவது கீபோர்டில் அடுத்த கட்டை. ஆக, 130-இல் இருக்கும் 8ஏ ட்ராக்கை 138-க்கு இழுத்தால் அது 8ஏ இல்லை, ஏறக்குறைய 3ஏ. 134-க்கு இழுத்தால் இன்னும் மோசம்: இரண்டு கீக்கு நடுவில் தொங்கும், அதற்குச் சக்கரத்தில் கட்டமே கிடையாது.

கீ லாக் போடலாமே என்றால், போடலாம். வேகம் மட்டும் மாறும், சுருதி நிற்கும். ஆனால் ஒரு சதவீத மாற்றத்தில் தெரியாத ஒட்டுவேலை, 5, 6 சதவீதத்துக்குப் போனால் தெரிய ஆரம்பிக்கிறது. கிக்கின் முனை மழுங்குகிறது, நல்ல ஸ்பீக்கரில் இன்னும் பட்டவர்த்தனமாக. டெக்னோவில் கிக்கைக் கெடுத்துக்கொண்டு கீயைக் காப்பாற்றுவது எனக்கு நஷ்ட வியாபாரமாகவே படுகிறது. அதனால் தாளம் மட்டும் இருக்கும் ட்ராக்குக்கு லாக் கிடையாது. பேசிக் சேனல் என்ற இரட்டையர் வகை டப் டெக்னோ மாதிரி கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) நீண்டு மிதக்கும் ட்ராக்குக்கு மட்டும் லாக் உண்டு, அங்கே சக்கரத்தையும் மதிக்கிறேன்.

அப்புறம், கிக்குக்கும் சுருதி உண்டு. மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்த்துக்கொள்வது நமக்குத் தெரிந்ததுதானே, அதே கதை. இரண்டு ட்ராக்கின் அடிப்பாகமும் ஒரு செமிடோன் தள்ளி ஒன்றாக ஒலித்தால் கீழே ஒரே கலங்கல். இதற்கு மருந்து சக்கரத்தில் இல்லை, மிக்ஸரில் இருக்கிறது: புது ட்ராக்கை பேஸ் (அந்த அடிப்பாக ஒலி) வெட்டிய நிலையில் உள்ளே விட்டு, 16-ஆவது பாரோ 32-ஆவது பாரோ முடியும் இடத்தில் பழையதின் பேஸை இறக்கிப் புதியதின் பேஸை ஏற்றிவிட்டால் கீ தகராறில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இப்போது என் பட்டியல் பிபிஎம் வரிசையில்தான் இருக்கிறது. கார்டு உள்ள ட்ராக்குகளின் கீயை மட்டும் ஒரு சின்னக் கீபோர்டில் வாசித்துச் சரிபார்த்துப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன்; நட்சத்திரம் இல்லாத கீயைப் பார்ப்பதே இல்லை.