சின்ன ஃபைல், பெரிய டேபிள்: எதை எங்கே கொண்டுபோவது?

சித்திரை வந்தால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வரத்து உச்சத்தில் இருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள எங்கள் அலுவலகத்துக்குத் தினமும் மாலையில் கொள்முதல் ஆட்கள் ஒரு எக்செல் அனுப்புவார்கள். விவசாயியின் குறியீடு, எடை, விலை; ஆயிரம் வரிகூட இருக்காது. வங்கிக் கணக்கு, பழைய முன்பணம் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், லட்சக்கணக்கான வரிகளாக. இரண்டையும் சேர்த்தால்தான் யாருக்கு எவ்வளவு பட்டுவாடா என்று தெரியும். மூன்று வழிகளில் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் வழி பவர் குவெரி, வெளித் தரவை எக்செல்லுக்குள் எடுத்து ஒழுங்குபடுத்தும் கருவி. எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். இரண்டு பட்டியலையும் குறியீட்டை வைத்துப் பொருத்தும் மெர்ஜ் கொடுத்து வைத்துவிட்டால், அப்புறம் கணக்கர் அக்கா ரெஃப்ரெஷ் அழுத்தினால் போதும். இந்த வசதிக்கு ஈடு மற்ற இரண்டிலும் இல்லை.

ஆனால் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டேபிளில் தேதி வடிகட்டினால் அந்த வேலையை டேட்டாபேஸே செய்து மிச்சத்தை மட்டும் அனுப்பும். குவெரி ஃபோல்டிங் என்பது இதுதான். ஃபைலோடு மெர்ஜ் செய்த இடத்தில் அது அறுந்துவிடும். அதுவரை வடிகட்டாத டேபிள் முழுவதும் நம் கணினிக்கு இறங்கி, இங்கேதான் பொருத்தம் நடக்கும். அதனால் தேதி வடிகட்டல், வேண்டாத நெடுவரிசை நீக்கம் எல்லாம் மெர்ஜுக்கு முன்னால் வர வேண்டும். நான் இதைத் தலைகீழாகச் செய்து, ரெஃப்ரெஷ் முடியட்டும் என்று காத்திருந்தே பல மாலைகள் போயின.

இரண்டாவது வழி, ஃபைலை டேட்டாபேஸுக்கே அனுப்புவது. எக்செல்லை சிஎஸ்வியாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாகச் சேமித்து, ஒரு தற்காலிக டேபிள் உருவாக்கி, போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை தட்டும் பிஎஸ்கியூஎல்லில் காப்பி கட்டளையால் ஏற்றி, அங்கேயே இரண்டையும் பொருத்தும் ஜாயின் போடுவேன். ஆயிரம் வரி பயணம் செய்கிறது, லட்சம் வரி இருந்த இடத்தில் இருக்கிறது. வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸில் தற்காலிக டேபிள் போடும் உரிமை, யாரும் பறிக்காத வரை, எல்லோருக்கும் உண்டு. இணைப்பை மூடினால் அந்த டேபிளும் போய்விடும், குப்பை சேராது. இந்தக் கட்டளைகளை எழுதத் தெரிந்தவர் இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான். அவர் லீவு போட்டால் அன்று வேலை நிற்கும், அது ஒன்றுதான் சிக்கல்.

மூன்றாவது டக்டிபி, நம் கணினியிலேயே ஓடும் சின்ன டேட்டாபேஸ் கருவி. டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் ஒரே வரியில் சிஎஸ்வியையும் இணைத்து வைத்த போஸ்ட்கிரெஸ் டேபிளையும் சேர்க்கலாம், சர்வர் நிறுவத் தேவையில்லை. படிக்க மட்டுமே விடும் நகல் டேட்டாபேஸில் தற்காலிக டேபிள்கூடப் போட முடியாது. அங்கே இதுதான் கைகொடுக்கும்.

சரி, எந்த வழியில் போனாலும் கால் இடறுவது ஒரே இடத்தில். எங்கள் குறியீடு 00417 மாதிரி இருக்கும். எக்செல்லில் தட்டினால் முன்பூஜ்ஜியங்கள் உதிர்ந்து 417 ஆகும். சிஎஸ்வியில் சரியாக இருந்தாலும் பவர் குவெரி தானே வகை மாற்றும் படி ஒன்றைச் சேர்த்து எண்ணாக்கிவிடும். டேட்டாபேஸில் அது எழுத்துச்சரம், இரண்டும் பொருந்தாது. இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் வைக்கும் இன்னர் ஜாயின் போட்டிருந்தால் அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போகும். போன சீசனில் மூன்று பேருக்கு இப்படிப் பணம் போகாமல், நேரில் வந்து கேட்டபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. வெயிலில் பஸ் பிடித்து வந்தவர்கள். அன்று அவர்கள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அன்றிலிருந்து பட்டுவாடாவுக்கு முன் லெஃப்ட் ஆன்டி ஜாயின் ஓட்டாமல் விடுவதில்லை. ஃபைலில் இருந்து டேட்டாபேஸில் ஜோடி கிடைக்காத வரிகளை மட்டும் அது காட்டும். அது காலியாக வந்தால்தான் அடுத்த படி. எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும்: டேட்டாபேஸில் ஒரு குறியீடு இரண்டு முறை இருந்தால் எடை இரட்டிப்பாகி, பணமும் இரண்டு மடங்காகப் போகும்.

இந்த சீசனில் ஃபைல், டேட்டாபேஸ் இரண்டிலும் குறியீட்டுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டோம். இப்போது அது பி00417. எந்தக் கருவியாலும் இதை எண்ணாக மாற்ற முடியாது.