வளர்ச்சி உளவியலா, குடும்பவியலா? முதுகலைக்கு முன் ஓர் ஒப்பீடு

குழந்தைகளைப் பற்றி முதுகலை படிக்க விரும்புவோர் பெரும்பாலும் இரண்டு படிப்புகளுக்கு இடையே தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, உளவியல் துறையில் கற்பிக்கப்படும் வளர்ச்சி உளவியல். மற்றொன்று, குழந்தை, வளரிளம்பருவ வளர்ச்சியைக் குடும்பவியலோடு சேர்த்துக் கற்பிக்கும் படிப்பு. நான் இரண்டாவதைப் படித்தவள். என் சாய்வும் அந்தப் பக்கமே.

குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளை வகுத்த பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன் ஆகியோர் இரண்டிலும் உண்டு; புள்ளியியலும் அப்படியே. மொழி, நினைவாற்றல், மூளை வளர்ச்சி ஆகியவற்றை ஆய்வகச் சோதனைகள் வழியே ஆராய நாட்டமுள்ளவர்கள் தயங்காமல் வளர்ச்சி உளவியலுக்குச் செல்லலாம்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது களப்பயிற்சியை. தாயும் குழந்தையும் சிறிது நேரம் பிரிந்து மீண்டும் சேர்வதை எட்டுக் கட்டங்களாகக் கவனிக்கும், உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் ஆய்வகச் சோதனையை எல்லாப் பாடநூல்களும் விவரிக்கின்றன. ஆனால் அதற்கு முன்பே அவர் உகாண்டாவில் வீடு வீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்திருந்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்குக் குழந்தையின் முதல் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அவருடைய குழுவினர் சென்று, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இருந்து கவனித்தார்கள். ஆய்வகத்தில் சில நிமிடங்களில் தென்பட்ட நடத்தைக்குப் பொருள் தந்தவை அந்த நீண்ட மணி நேரங்களே. குடும்பவியல் படிப்பு இந்தப் பழக்கத்தைத்தான் கையில் கொடுக்கிறது.

களப்பயிற்சிக்காகச் செல்லும் வீட்டில் இப்படி ஒரு காட்சி: பதினான்கு வயதுப் பையனிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டால், அவன் வாய் திறப்பதற்குள் தாய் பதில் சொல்கிறார். அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான். குறிப்பேட்டில் ‘கோபப்பட்டான்’ என்று நான் எழுதியிருந்தால், வழிகாட்டி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, யார் முதலில் பேசினார், யார் யாரைப் பார்த்தார், எவ்வளவு நேரம் மௌனம் நிலவியது என்று எழுதச் சொல்வார். பையனை மட்டும் அளக்கும் வினாத்தாளில் தாயின் அந்தக் குறுக்கீட்டுக்கு இடமே இருக்காது. வளரிளம்பருவத்தினரோடு பணியாற்ற விரும்புகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே விண்ணப்பிக்கும் முன், களப்பயிற்சி எத்தனை மணி நேரம், குடும்பங்களைச் சந்திக்க வாய்ப்புண்டா, குறிப்புகளை வழிகாட்டி வரிவரியாகப் படிப்பாரா என்று முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள். பெயரில் ‘குடும்பம்’ இருந்தும் வகுப்பறையை விட்டு வெளியே அனுப்பாத படிப்பைவிட, நல்ல களப்பயிற்சி தரும் வளர்ச்சி உளவியல் மேலானது. சில பாடத்திட்டங்களில் ஆய்வேடு எழுத வேண்டியதில்லை. நான் ஆய்வேடு எழுதிப் படித்தவள் என்பதால், ஆய்வேடு இல்லாத பாடத்திட்டத்தைப் பற்றி உடன் பணிபுரிவோர் சொல்லக் கேட்டதே என் அறிவு. அவர்களில் பலர் களப்பயிற்சி போதவில்லை என்றே சொல்கிறார்கள்.

சிகிச்சை அளிப்பதே உங்கள் நோக்கமானால், இந்த இரண்டு பட்டங்களும் பொதுவாகத் தம்மளவில் உரிமம் பெற்றுத் தருவதில்லை. மருத்துவ உளவியலோ, குடும்ப சிகிச்சையோ தனியாகப் படிக்க வேண்டும். உரிமம் வழங்கும் அமைப்பின் விதிகளைச் சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.