கொக்கிளாய் தொடுவாய்க்கு எது பொருந்தும்: தூக்குப் பாலமா, நிலைப் பாலமா, பாதை என்கிற மிதவைச் சேவையா?

பாம்பனில் புதுப் பாலம் திறந்த பிறகு முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறது: கொக்கிளாய்க்கும் அப்படி ஒரு தூக்குப் பாலம் போட்டால் என்ன? களப்பு என்கிற கடல்நீரேரி கடலோடு சேரும் வாய்தான் தொடுவாய். அதன் இந்தக் கரை கொக்கிளாய், அந்தக் கரை புல்மோட்டை. நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியும். வாகனத்தில் போவதென்றால் களப்பைச் சுற்றி மணலாற்றுப் பக்கமாக வளைய வேண்டும். பாலம் தேவை என்பதில் இரு கரைக்கும் சண்டை இல்லை. எந்த மாதிரிப் பாலம் என்பதில்தான் கதை இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூக்குப் பாலம் எங்களுக்குச் சரிவராது.

பாம்பனை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே கால்வாயின் மேல் நடுப்பகுதி திறக்கிற பாலமும் அசையாத நிலைப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒப்பிட இதைவிட வசதியான இடம் கிடைக்காது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். உப்புக் காற்றில் இரும்பு அரித்து, 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீற்றர் நீளமான நடுத்துண்டு அப்படியே நிமிர்ந்தபடி 17 மீற்றர் மேலே ஏறும். மோட்டார், கம்பிவடம், எடைக்கல், உணரிகள் எல்லாம் உண்டு. பார்க்க வடிவுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த அன்றைக்கே, கடலோரக் காவல்படைக் கப்பலை விட்ட பிறகு துண்டு சரியாக இறங்காமல் சிக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் பராமரிப்பு வேலையின்போது மறுபடியும் சிக்கி, ரயில்கள் காத்துக் கிடந்தன.

பக்கத்தில் நிற்கும் வாகனப் பாலம் 1988இல் திறந்தது. நடுவில் உயர்ந்து வளைந்து போகிறது, கப்பல் கீழால் போகிறது. அதில் சிக்குவதற்கு அசையும் பாகம் ஏதும் கிடையாது. அப்படியானால் ரயிலுக்கும் உயரமாகக் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரயில் செங்குத்தான ஏற்றம் ஏறாது. அவ்வளவு உயரத்துக்கு அதை ஏற்றுவதென்றால் மிக நீண்ட சரிவு வேண்டும், கரையிலோ அதற்கு இடமில்லை. ஆகவே நடுத்துண்டைத் தூக்கினார்கள். கொக்கிளாய்க்குத் தண்டவாளமே வரப்போவதில்லை. பஸ்ஸும் லொறியும் மோட்டார் சைக்கிளும் ஏற்றம் ஏறும்.

சரி, சிக்கினால் என்ன ஆகும்? தூக்கியபடி சிக்கினால் வீதி நிற்கும், வள்ளங்கள் போய் வரும். 2021 ஓகஸ்டில் லண்டன் டவர் பாலம் திறந்தபடி நின்றபோது நடந்தது அதுதான். அங்கே வாகனங்கள் வேறு பாலத்தால் சுற்றிப் போயின. இங்கே மறுபடியும் மணலாறு. இறக்கியபடி சிக்கினால் பாலத்தின் அடியில் போக முடியாத கலங்கள் இரண்டாகப் பிரிந்துவிடும். உள்ளே மாட்டினவருக்குத் தொழில் போகும். வெளியே மாட்டினவரின் நிலைமைதான் என்னை உறுத்துகிறது.

பாம்பனில் காத்திருக்கும் படகுக்கு ஓரளவு அடக்கமான கடல் உண்டு. கொக்கிளாய் தொடுவாய் நேரே வங்கக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. வாடைக் காற்று எழும்பினால் தொடுவாயின் மணல் திட்டில் அலை உடையும். உள்ளே இருந்து மாரி வெள்ளம் வெளியே தள்ளும், வெளியே இருந்து கடல் உள்ளே தள்ளும். அந்த இடத்தில் அலை தணிகிற கணம் பார்த்து எஞ்சினை முறுக்கி ஒரே மூச்சில் உள்ளே வருவதுதான் வழக்கம். "பாலம் இறங்கியிருக்கு, கொஞ்சம் பொறு" என்று ஒருவன் மேலே நின்று சொன்னால், பதினெட்டு அடி பிளாஸ்டிக் வள்ளத்தை அங்கே பிடித்து வைத்திருக்க ஆராலும் முடியாது. இப்படிப்பட்ட வாயில், மேலே இருந்து ஒருவர் அனுமதி கொடுத்த பிறகே உள்ளே வரலாம் என்ற ஏற்பாடே பிழை. இயந்திரம் பழுதாகாத நாளிலும் அது பிழைதான்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் தேதி நாடு முழுக்க இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் தொற்றிய ஒரு குரங்கைக் காரணம் சொன்னார்கள். பாணந்துறைக் குரங்குக்கும் கொக்கிளாய் வள்ளத்துக்கும் நடுவில் அப்படியொரு தொடுப்பை நாமே காசு கொடுத்துப் போட வேண்டுமா? ஜெனறேற்றர் வைப்பார்கள்தான். அதற்கு டீசலும் விடியப்புறம் இரண்டு மணிக்கு விழித்திருக்கிற ஆளும் வேண்டுமே.

அப்புறம், உண்மையில் அங்கே எவ்வளவு உயரம் தேவை? களப்புக்குள் ஓடுவது அவுட்போர்ட் எஞ்சின் பூட்டிய வள்ளங்களும் தோணிகளும். பாய்மரம் இல்லாத வள்ளத்தில் ஆள் எழுந்து நின்றாலும் தண்ணீரிலிருந்து மூன்று மீற்றரைத் தாண்டாது. கொம்பும் அன்ரெனாவுமாக உயர்ந்து நிற்கிற, பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்யும் பலநாள் கலங்கள் இந்த ஆழம் குறைந்த களப்புக்குள் வருவதில்லை. ஆகவே வெள்ளம் ஏறும் உச்ச மட்டத்துக்கு மேல் ஐந்து மீற்றர் இடைவெளி விட்டால் தாராளம். இருபத்தைந்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயர்கிற சரிவு என்று வைத்தாலும், அந்த ஐந்து மீற்றர் ஏற ஒவ்வொரு கரையிலும் 125 மீற்றர் போதும். மலை கட்டத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தையும் பூநகரியையும் இணைக்கும் சங்குப்பிட்டியில் இப்படியொரு நிலைப் பாலம் 2011 ஜனவரியில் திறந்தது, நீளம் 288 மீற்றர். அதற்கு முன்பு அந்த இடத்தைப் பாதையில் கடந்தோம். போர்க்காலத்தில் கிளாலியால் இரவில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடந்தவர்களுக்கு, ஒரு பாலம் வெறும் பாலமாக அசையாமல் நிற்பதன் அருமை தெரியும்.

நிலைப் பாலத்திலும் நான் சண்டை பிடிக்கிற விஷயம் ஒன்று உண்டு. அது தூண். செலவு குறைக்கத் தூண்களை நெருக்கிப் போடுவார்கள். வாயில் இழுவையோடு வரும் வள்ளத்துக்கு உயரத்தைவிட அகலம்தான் உயிர். நெருங்கின தூண்கள் மணலையும் பிடித்து வைக்கும். கோடையில் ஏற்கெனவே மணல் மூடப் பார்க்கிற வாய் அது. கம்பு நட்டுக் கட்டுகிற சிறகுவலையின் கம்புகளை வாய்க்காலில் நடக்கூடாது என்று நமக்கு நாமே விதி வைத்திருக்கிற ஊர்களில், கொங்கிறீற் கம்பு நட வருகிறவரிடமும் அதையே கேட்கலாம். நீரோட்டம் ஓடும் ஆழமான பகுதிக்கு மேல் நீளமான ஒரு இடைவெளி, இரவில் தெரிகிற விளக்கு. இந்த இரண்டும் வரைபடத்தில் இல்லாவிட்டால் அது நிலைப் பாலமானாலும் நான் கை தூக்க மாட்டேன்.

தாழ்ந்த பாலத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. முல்லைத்தீவு வட்டுவாகலில் பட்டதே போதும். மாரியில் தண்ணீர் வீதிக்கு மேலால் பாய்கிற, கீழே வள்ளம் நுழைய முடியாத ஒடுங்கிய பாலம் அது. அதற்குப் பதிலாகப் புதுப் பாலத்தின் வேலை 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது. ஆனையிறவில் கடல்நீரேரியை மறித்துத் தாம்போதி போட்டதில் படகுப் பாதை என்ற பேச்சே இல்லாமல் போனது. மலிவு என்று யாராவது இந்த வழியைக் காட்டினால், அந்த இரண்டு இடத்தையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

பாதை என்கிற மிதவைச் சேவை நிரந்தரத் தீர்வாகாது, ஆனாலும் அதை ஒதுக்கவும் மாட்டேன். வள்ளங்களுக்கு அது பெரிய தடையில்லை. கயிறு பிடித்து இழுக்கிற வகை என்றால் மட்டும் கவனம், தண்ணீருக்குள் தொங்கும் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றும். காற்று எழும்பினால் பாதை நிற்கும், இரவில் நோயாளியைக் கொண்டுபோக அது உதவாது.

பாதைக்கு வேலை இருப்பது பாலம் கட்டுகிற காலத்தில்தான். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை உடைத்துப் புதியது கட்டுகிற இடைக்காலத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆட்கள் இறந்தார்கள். கொக்கிளாயில் உடைக்கப் பழைய பாலம் இல்லை. ஆனால் வேலை நடக்கிற மாதங்களில் சனமும் வள்ளமும் கட்டுமானத் தெப்பமும் ஒரே வாயில் நெருங்கும். கிழக்குக் கடல் அடங்கி இருப்பது சித்திரை தொட்டுப் புரட்டாதி வரை, தொழில் நடப்பதும் அப்போதுதான், தூண் இறக்க வசதியும் அப்போதுதான். ஆகவே எந்த நேரமும் ஒரு வாய்க்கால் வள்ளத்துக்குத் திறந்திருக்க வேண்டும், கடக்கிற மிதவையில் ஆள் கணக்கும் உயிர்காப்பு அங்கியும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்கள் அதைக் கேட்க வேண்டிய நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால்.